உலகம் அழிந்த பிறகு ஒரு காயலாங்கடை

2008-ல் வந்த ஒரு வீடியோ கேமில் மெட்ரோ ரயில் ஒன்று ஓடும். நீங்கள் ஏறி நின்றதும் கிளம்பி, சுரங்கப் பாதையில் தடதடவென்று போகும். ஆட்டத்தின் பெயர் ஃபால்அவுட் 3. ரயில் வருவது 'ப்ரோக்கன் ஸ்டீல்' என்று அதற்குப் பின்னால் வெளியிட்ட கூடுதல் பகுதியில். பிற்பாடு பையன்கள் அதன் உள்ளே நோண்டிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அங்கே ரயிலே ஓடவில்லை. அந்த ஆட்டத்தின் அடிப்படை மென்பொருளில் வண்டி ஓட்டும் வசதி கிடையாது. அதனால் ரயில் பெட்டியை ஒரு கவசமாகச் செய்து, கைக்கு உறை மாட்டுகிற மாதிரி உங்கள் பாத்திரத்துக்கு மாட்டிவிட்டு, உங்களையே நகர்த்திவிட்டார்கள். நீங்கள் ரயிலில் போகவில்லை. ரயிலை உடுத்திக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள்!

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தத் தந்திரத்தில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதைகளை ஆட்டமாகச் செய்கிறவர்களுக்குத் துப்பாக்கி செய்வது சுலபம். அரக்கன் செய்வது அதைவிடச் சுலபம். அவர்கள் முழி பிதுங்குவது ஒரு ஸ்க்ரூ, ஒரு பாட்டில் மூடி, ஒரு வண்டி என்று சாதாரணப் பொருள்களைச் செய்யும்போதுதான். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆர்.பி.ஜி., அதாவது ரோல் பிளேயிங் கேம் என்றால் நீங்கள் ஒரு பாத்திரமாக உள்ளே போய், ஊர் ஊராகச் சுற்றி, ஆட்களோடு பேசி, சண்டை போட்டு, சாமான் சேர்த்து, உங்கள் முடிவுகளுக்கான பலனை அனுபவிப்பது. இதில் 'அழிவுக்குப் பின்' வகைக்கு மூத்த பிள்ளை, 1988-ல் இன்டர்ப்ளே கம்பெனி உருவாக்கிய வேஸ்ட்லேண்ட். அதே கம்பெனியிலிருந்து 1997-ல் டிம் கெய்ன், லெனார்ட் பொயார்ஸ்கி முதலானவர்கள் கொண்டுவந்தது ஃபால்அவுட். 2077-ல் அணுயுத்தம் நடந்து, 2161-ல் கலிஃபோர்னியாவில் கதை தொடங்குகிறது. ஜார்ஜ் மில்லரின் மேட் மேக்ஸ் படங்களுக்கு அதில் பகிரங்கமான கடன் உண்டு. ஒரு கை மட்டும் உள்ள தோல் ஜாக்கெட்டையும் கூடவே வரும் நாயையும் பார்த்தாலே தெரிந்துவிடும். 2024-ல் இதை அமேசான் டி.வி. தொடராகவும் எடுத்துவிட்டதால், கேம் பக்கமே போகாதவர்களுக்கும் அந்த நீலச் சட்டை இப்போது தெரியும்.

ஒரு பொருள் நல்ல டிசைனா என்று பார்க்க நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். இதை யார் செய்தது? ரிப்பேரானால் எதைப் போட்டுச் சரிபண்ணுவது? இதை வைத்துக்கொள்வதற்காக நான் எதைக் கீழே போட வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தப் பொருள் ஒரு உலகத்தையே தன்னோடு கூட்டிக்கொண்டு வரும். பதில் இல்லையென்றால் அது வெறும் படம்.

முதல் ஃபால்அவுட்டின் மொத்தக் கதையும் ஒரே ஒரு பொருளில் தொங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பூமிக்கடியில் ஒரு பாதுகாப்பு அறை. அதில் தலைமுறைகளாக மனிதர்கள். அங்கே தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் சில்லு கெட்டுவிடுகிறது. அதைச் செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை. மாற்றுச் சில்லு உள்ளே இல்லை. 150 நாளுக்குள் வெளியே போய் ஒன்றைத் தேடிக்கொண்டு வா என்று உங்களைத் துரத்திவிடுகிறார்கள். உலகத்தைக் காப்பாற்று, அரக்கனைக் கொல் என்றெல்லாம் ஆரம்பத்தில் யாரும் சொல்வதில்லை. ஒரு ஸ்பேர் பார்ட் வாங்கி வா, அவ்வளவுதான். மோட்டார் ரிப்பேராகி ஒரு வாரம் மாடிக்குக் குடம் சுமந்தவர்களுக்கு இதன் அவசரத்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது காசு. ஃபால்அவுட்டில் பணம் என்பது சோடா பாட்டில் மூடி. முதலில் வேடிக்கையாக இருக்கும். யோசித்தால் நியாயம் புரியும். மூடி அடிக்க இயந்திரம் வேண்டும். அழிந்த உலகத்தில் அந்த இயந்திரம் சுலபத்தில் கிடைக்காது. ஆகவே கள்ளக் காசு அடிப்பது கடினம். 'ஹப்' என்கிற ஊரின் வியாபாரிகள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள், அதனால் செல்லுபடியாகிறது. நம் ரூபாய் நோட்டும் அப்படித்தானே? காகிதத்துக்கு ஏது மதிப்பு, எதிராளி வாங்கிக்கொள்வான் என்கிற நம்பிக்கையைத் தவிர?

1998-ல் வந்த ஃபால்அவுட் 2-ல் இன்னும் அழகு. எண்பது வருடம் கழித்து நடக்கும் கதை. அதற்குள் ஓர் அரசாங்கம் முளைத்துத் தன் சொந்தக் காசை அடித்துவிட்டது. ஆட்டத்தில் ஓரிடத்தில் நீங்கள் பாடுபட்டு ஒரு புதையலைத் தேடி எடுக்கிறீர்கள். திறந்தால் பத்தாயிரம் பாட்டில் மூடி. ஒரு பைசாவுக்குப் பெறாது! 2016 நவம்பரில் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு பாங்கு வாசலில் நின்றவர்கள் இந்த ஜோக்குக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சிரிப்பார்கள்.

2010-ல் அப்சிடியன் கம்பெனி செய்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் இந்தச் சரடை விடாமல் பிடித்தது. அதில் மூடி அச்சடிக்கும் பழைய இயந்திரம் ஒன்றை உடைத்துவிட்டு வரும்படி ஒரு வியாபாரி உங்களை அனுப்புகிறார். ரிசர்வ் பாங்கு கவலைப்பட வேண்டிய விஷயத்தை ஒரு துணைக்கதையாக வைத்திருக்கிறார்கள். மாறாக, நடுவில் 2008-ல் பெதெஸ்டா கம்பெனி செய்த ஃபால்அவுட் 3, கதையை நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டனுக்குக் கொண்டுபோனது. அங்கேயும் அதே மூடி. ஏன்? எந்த வியாபாரி ஏற்றுக்கொண்டான்? ஆட்டம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 'ஃபால்அவுட் என்றால் மூடி இருக்கணும்' என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பார்கள், அதனால் இருக்கிறது. காரணம் உதிர்ந்துபோய் அடையாளம் மட்டும் மிஞ்சுவது கோயில் சடங்குகளுக்கு மட்டும் நடப்பதல்ல.

காசு விஷயத்தில் என் ஓட்டு வேறொரு ஆட்டத்துக்கு. உக்ரைனியர்கள் 2010-ல் செய்த மெட்ரோ 2033. (இது சுத்தமான ஆர்.பி.ஜி. இல்லை, சுடுகிற ஆட்டம். இருந்தாலும் சபையில் உட்கார இடம் தரலாம்.) ரஷ்ய எழுத்தாளர் டிமித்ரி குளுகோவ்ஸ்கியின் நாவலை வைத்துச் செய்தது. மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்களில் மிச்ச மனிதர்கள் வாழ்கிறார்கள். அங்கே நாணயம் என்பது போருக்கு முந்தைய ராணுவத் தோட்டா. அதைக் கொடுத்து சாமான் வாங்கலாம். ஆபத்தென்றால் அதையே துப்பாக்கியில் போட்டுச் சுடவும் செய்யலாம். கைத்தயாரிப்புத் தோட்டாவைவிட நன்றாக வேலை செய்யும். அதாவது ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் உங்கள் சேமிப்பைச் சுட்டுத் தள்ளுகிறீர்கள். வெளியே காற்று விஷம். முகமூடிக்கு வடிகட்டி வேண்டும். அது இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் காட்டும். அடிபட்டால் முகமூடிக் கண்ணாடியில் விரிசல் விழும். ஒரு காசு, ஒரு கடிகாரம், ஒரு முகமூடி. மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிற பொருள்கள். கதாசிரியர் பத்துப் பக்கம் வசனம் எழுதினாலும் இந்த பயம் வராது.

இப்போது குப்பைக்கு வருவோம். ஃபால்அவுட் 3-ல் 'ராக்-இட் லாஞ்சர்' என்று ஓர் ஆயுதம். வாக்குவம் கிளீனர், சருகு ஊதும் இயந்திரம், தீயணைப்புக் குழாயின் முனை என்று கிடைத்ததைச் சேர்த்து நீங்களே கட்டுவது. இதற்குத் தோட்டா தேவையில்லை. காபிக் குவளை, கரடி பொம்மை, தட்டு என்று எதைப் போட்டாலும் எதிரி மேல் துப்பும். அதுவரை சும்மா கிடந்த குப்பைக்கெல்லாம் திடீரென்று அர்த்தம் வந்துவிட்டது. கோமாளித்தனம்தான், ஆனால் நல்ல கோமாளித்தனம்.

அதே ஆட்டத்தில் ரிப்பேர் முறையும் நன்றாக இருந்தது. சுடச்சுடத் துப்பாக்கி தேயும். சரிபண்ண வேண்டுமென்றால் அதே ரகத்தில் இன்னொன்றை உடைத்துப் பாகம் எடுக்க வேண்டும். இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்கும் கணக்கு. உடைந்த உலகத்துக்குப் பொருத்தமான கணக்கு.

2015-ல் ஃபால்அவுட் 4 இதை ஒரு பக்கம் வளர்த்தது, ஒரு பக்கம் கெடுத்தது. வளர்த்த பக்கம்: குப்பை ஒவ்வொன்றையும் பிரித்து மூலப்பொருளாக்கலாம். மேஜை விசிறியில் ஸ்க்ரூ, டேப் சுருளில் பசை, கரடி பொம்மையில் துணி. பசைக்கு எப்போதும் தட்டுப்பாடு. அதனால் சோளமும் இன்னும் சில காய்களும் பயிரிட்டு, நல்ல தண்ணீர் விட்டுக் கஞ்சி காய்ச்சிப் பசை எடுக்கக் கற்றுக்கொள்கிறீர்கள். போஸ்டர் ஒட்ட மைதா காய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

கெடுத்த பக்கம் இரண்டு. ஒன்று, ஆயுதம் தேய்வதை எடுத்துவிட்டார்கள். உலகமே துருப்பிடித்துக் கிடக்கிறது, உங்கள் துப்பாக்கி மட்டும் நேற்று வாங்கிய மாதிரி. அழிவே இல்லாத அழிவு. மூன்று வருடம் கழித்து ஃபால்அவுட் 76-ல் தேய்மானத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பது அதன் அருமை புரிந்ததற்குச் சான்று.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. இந்த ஆட்டங்களில் வீடுகளுக்குள் பொருள்களை வைத்துக் கதை சொல்வார்கள். ஒரு கட்டில், இரண்டு எலும்புக்கூடு, நடுவில் ஒரு கரடி பொம்மை. ஒரு வார்த்தை கிடையாது. உங்களுக்கே புரிந்து நெஞ்சு அடைக்கும். ஆனால் அந்தக் கரடிக்குள் துணி இருக்கிறது என்று ஆட்டம் கற்றுக்கொடுத்துவிட்டதே! பத்து மணி நேரம் ஆடியபின் நீங்கள் எலும்புக்கூட்டைப் பார்ப்பதில்லை. விசிறி இருக்கிறதா, டேப் இருக்கிறதா என்றுதான் கண் போகிறது. ஒரு ஆட்டம் உங்களைச் சத்தமில்லாமல் காயலாங்கடைக்காரராக மாற்றிவிடுகிறது. இதை வேண்டுமென்றே செய்திருந்தால் மேதைமை. பசித்தவனுக்கு அடுத்தவன் துக்கம் தெரியாது என்று ஓரிடத்திலாவது ஆட்டம் திரும்பி நம்மைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'ஸ்க்ரூ கிடைத்தது' என்று டிங் அடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போகச் சொல்கிறது.

வண்டிக்கு வருவோம். ஃபால்அவுட் உலகத்துக் கார்கள் அணுசக்தியில் ஓடுபவை. இது ஒன்றும் முழுக் கற்பனை இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஃபோர்டு கம்பெனி 'நியூக்ளியான்' என்று அணு உலை வைத்த காருக்கு ஒரு மாதிரி செய்து காட்டியது, மாதிரியோடு நின்றது. அந்தக் காலத்து அமெரிக்கக் கனவை அப்படியே எதிர்காலமாக நீட்டியதுதான் ஃபால்அவுட்டின் தோற்றம். வாலில் துடுப்பு வைத்த கார்கள் சாலையெங்கும் நிற்கும். ஃபால்அவுட் 3-ல் அவற்றைச் சுட்டால் குட்டி அணுகுண்டு மாதிரி வெடிக்கும். பார்க்க ஜோர்தான். ஆனால் யுத்தம் முடிந்து இருநூறு வருடம் ஆகிறது. இருநூறு வருடமாகவா அந்தக் காரில் யாரும் கை வைக்கவில்லை? புதுப்பேட்டையில் ஒரு ராத்திரி நிறுத்திப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அதே ஆட்டத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் இன்னும் சாப்பாட்டு டப்பா மிச்சமிருக்கிறது. இந்த உலகத்தைச் செய்தவர்கள் அணுகுண்டைப் பற்றி நிறையப் படித்திருக்கிறார்கள், பசியைப் பற்றிக் கொஞ்சம் குறைவாக.

கார் விஷயத்தில் ஃபால்அவுட் 2 எவ்வளவோ மேல். 'ஹைவேமேன்' என்று ஒரே ஒரு கார். ஓடாமல் கிடக்கிறது. ஓட வேண்டுமானால் ஒரு பாகத்தை வேறொரு ஊரிலிருந்து தேடி வந்து, இரண்டாயிரம் காசும் தர வேண்டும். வரைபடத்தில் பயணம் வேகமாகும், டிக்கியில் சாமான் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடுவதே இல்லை. இருந்தும் ஆடியவர்கள் இன்றைக்கும் அந்தக் காரைச் சொந்த வண்டி மாதிரி பேசுவார்கள். காரணம் என்ன தெரியுமா? 'நியூ ரீனோ' என்கிற ஊரில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் கார் திருட்டுப் போயிருக்கும். தேடிப்போனால் காரைப் பிரித்து விற்கிற ஒரு ஷெட்டில் நிற்கும். சொன்னேனே, புதுப்பேட்டை! தொலைந்து கிடைத்த பொருள்தான் நம்முடையது.

ஏன் பின்னால் வந்தவற்றில் ஓட்டுவதற்குக் கார் தரவில்லை? தொழில்நுட்பம் ஒரு காரணம், அந்த ரயிலே சாட்சி. இன்னொரு காரணம் அளவு. ஆட்டத்தின் 'பரந்த பாலைவனம்' நிஜத்தில் சில கிலோமீட்டர்தான். நடந்தால் பெரிதாகத் தெரியும். கார் கொடுத்தால் சில நிமிடத்தில் மறுகோடி வந்துவிடும், உலகத்தின் சாயம் வெளுத்துவிடும். பாழ்நிலத்தைப் பெரிதாகக் காட்டுவது உங்கள் கால் வலிதான்.

ஃபால்அவுட் 4 இதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டது. 'பவர் ஆர்மர்' என்கிற இரும்புக் கவசம் முதல் ஆட்டத்திலிருந்து உண்டு. சட்டை மாதிரி மாட்டிக்கொள்வது. 2015-ல் அதையே வண்டியாக்கிவிட்டார்கள். முதுகுப்பக்கம் சக்கரத்தைத் திருகினால் திறக்கும், உள்ளே ஏற வேண்டும். தலை, மார்பு, இரு கை, இரு கால் என்று ஆறு பாகமும் தனித்தனியே அடிபடும், தனித்தனியே ரிப்பேர் கேட்கும். 'ஃப்யூஷன் கோர்' என்கிற பாட்டரி தீர்ந்தால் இரும்பு கனக்கும். ரயிலை உடுத்திய கம்பெனியே பிறகு உடுப்பை ஓட்டவைத்தது! குறை ஒன்றுதான். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இதைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பந்தியில் இலை போட்டதும் பாயசமா?

வண்டியைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. 2020-ன் வேஸ்ட்லேண்ட் 3-ல் 'கோடியாக்' என்கிற கனரக வண்டி, பனி மூடிய கொலராடோவில் உங்கள் குழுவோடு சண்டைக்கும் வரும். 2019-ன் மெட்ரோ எக்ஸோடஸில் 'அரோரா' என்று ஒரு நீராவி ரயில். அதில் கூட்டாளிகள் சமைக்கிறார்கள், கிடார் வாசிக்கிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். வேகத்துக்காக வைத்த வண்டி இல்லை, வீடு. நீராவி எஞ்சின் என்பதும் புத்திசாலித்தனம். பெட்ரோல் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தாலே அதிகம், நாள்பட்டால் கெட்டுவிடும். விறகும் கரியும் அப்படியில்லை.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்கு ஒரு ஆதங்கம் மிஞ்சுகிறது. இத்தனை ஃபால்அவுட்டிலும் நீங்கள் ஏறி மிதிக்க ஒரு சைக்கிள் இல்லை!

பொருள் நின்றுபோன ஊர்கள் நிஜத்தில் என்ன செய்தன? சோவியத் யூனியன் உடைந்து எண்ணெய் வரத்து நின்றதும் கியூபா சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள் இறக்கியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது நம் ஊரில் பின்பக்கம் கொதிகலன் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு கரி பஸ் ஓடியது; தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் முதல் பாதியில் பொருளாதாரத் தடை. மின்சாரமும் இல்லை. பழைய மோரிஸ் மைனர்களைச் சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் ரேடியோ செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் துளி எண்ணெயும் திரியுமாகச் செய்த விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

அந்த ஜாம் போத்தல் விளக்கை என் மூன்று கேள்விகளோடு வைத்துப் பாருங்கள். யார் செய்தது, எதைப் போட்டுச் சரிபண்ணுவது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. அதோடு நான்காவதாக ஒரு கேள்விக்கும்: எதற்காக? படிப்பதற்காக. ஃபால்அவுட்டின் ஆயுதக் கிடங்கில் எத்தனையோ துப்பாக்கி உண்டு. நாளைக்கு ஒரு பரீட்சை இருக்கும் என்று நம்பிச் செய்த பொருள் அபூர்வம். அழிவைப் படிப்பில் கற்றவர்களுக்கும் பட்டுக் கற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். மாஸ்கோ சுரங்கத்து முகமூடியில் இருக்கும் மூச்சுத்திணறல் வாஷிங்டன் பாழ்நிலத்தில் இல்லாததற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம்.

நம் ஊரிலும் இப்போது கேம் டிசைன் படிக்கிறார்கள். வகுப்பில் உலகம் அழிந்தால் முதல் வேலையாகத் துப்பாக்கி வரைகிற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். அதற்கு முன் ஒரு சைக்கிள் வரையுங்கள். டியூப் பஞ்சர். ஊரில் ரப்பர் சொல்யூஷன் தீர்ந்து இரண்டு வருடமாகிறது. பின்னால் கேரியரில் காய்ச்சலோடு ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது, ஆஸ்பத்திரி எட்டு மைல். அந்தச் சக்கரத்துக்குள் எதைத் திணித்து ஓட்டுவீர்கள்? விடை கண்டுபிடித்துவிட்டு வாருங்கள், துப்பாக்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.